டூசுன், மலாயின் வட்டார வழக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போர்னியோ குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மலேசியாவின் சபா மாநிலத்துக் கடாசான், டூசுன் மக்கள் பேசுவது ‘மலாயின் ஒரு வட்டார வழக்கு’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அருகருகே பேசப்படுவதால் வரும் தவறு இது. திருத்தாமல் விடக் கூடாது.

டூசுன் எண்களைப் பாருங்கள்: இசோ, டுவோ, தோலு, அப்பாட், லீமோ, ஓனோம், துரு, வலு, சியாம், ஹோப்போட். மலாயில் மூன்று தீகா, எட்டு லாப்பான், ஒன்பது செம்பிலான். பிலிப்பைன்ஸின் தகாலொக்கிலோ தத்லோ, வாலோ, சியாம். அரிசிக்கு மலாயில் பெராஸ், தகாலொக்கில் பிகாஸ், டூசுனில் வகாஸ். இவற்றின் பொது மூல மொழியிலிருந்த ஒருவகை ‘ர’ ஒலி மலாயில் ‘ர’வாகவே நிற்க, மற்ற இரண்டிலும் ‘க’வாகத் திரிந்திருக்கிறது. மலாயில் ‘ஆயிர்’ எனப்படும் தண்ணீர் டூசுனில் ‘வாயிக்’ ஆனதும் இதே திரிபால்தான்.

வினைச்சொல் இன்னும் தெளிவாகப் பேசும். டூசுனில் உண்பவரை முன்னிறுத்தினால் ‘மங்காகான்’. உண்ணப்படும் பொருளை முன்னிறுத்தினால் ‘அகானோன்’. இந்த ‘-ஓன்’ விகுதிதான் தகாலொக்கில் ‘-இன்’. இரண்டும் ஒரே பழைய விகுதியிலிருந்து வந்தவை. ஆறு என்ற எண்ணைக் குறிக்கும் டூசுனின் ஓனோம், தகாலொக்கின் அனிம் ஆகிய சொற்களின் கடைசி அசையிலும் இதே ஓ-இ இணையைக் காணலாம். இன்றைய மலாய் இந்த வினையமைப்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது.

அப்படியானால் இவை பிலிப்பைன்ஸ் மொழிகளா என்றால், அதுவும் இல்லை. ஏழு என்ற எண் அங்கே தடுக்கிறது. தகாலொக்கில் பீத்தோ, ஜாவாவில் பித்து, நியூசிலாந்தின் மாவோரியில் விது. டூசுனின் ‘துரு’ மட்டும் மலாயின் ‘துஜு’வோடு சேர்கிறது. பழைய சொல்லைக் கைவிட்டு இந்தப் புதுச்சொல்லை ஏற்ற மொழிகளை, மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் 2010இல் ‘பெரு வடபோர்னியோ’ என்ற கிளையாகத் தொகுத்தார். அந்தக் கிளையில் மலாயும் உண்டு, டூசுனும் உண்டு. ஆக, மலாய் டூசுனுக்குத் தாயல்ல, உறவு மட்டுமே. மூருட், பைத்தான் மொழிகள்தான் டூசுனுக்கு மிக நெருக்கம்.

ஒப்பிடும்போது கடன்சொற்களைத் தள்ளிவைக்க வேண்டும். சிக்கூல், பூக் போன்றவை பள்ளி, புத்தகம் என்பவற்றுக்கு ஆங்கிலத்திலிருந்து வந்தவை. உறவுக்கு அவை சான்றாகா. பெயரொற்றுமையும் ஏமாற்றும். மடகாஸ்கர் மொழி டூசுனுக்கு நெருக்கம் என்று சிலர் எழுதுவது போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில், பாரித்தோ ஆற்றுப் பகுதியில் பேசப்படும் டூசுன் வீத்து என்ற மொழியை நினைத்து. அது வேறு கிளை. மடகாஸ்கரில் ஏழு ‘ஃபீத்து’, பழைய சொல்லேதான். அதேபோல் சபா, புரூணை ஆகிய இடங்களின் பிசாயா மொழி டூசுன் குழுவைச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸின் விசாயா மொழிகளோடு அதற்குப் பெயரளவில்தான் ஒற்றுமை.

டூசுன் என்பது ஒரே மொழியும் அல்ல. சபாவிலேயே கூடாட் பக்கம் ருங்குஸ், துவாரானில் லோத்துட், பெனம்பாங், பாப்பார் கரையோரத்தில் கடாசான் எனப் பல. கரையோரக் கடாசானில் ‘ல’ பெரும்பாலும் ‘ஹ’ ஆகிவிடும்: தோஹு, ஹீமோ, வஹு. ஆனால் 1995இல் பொது எழுத்துவழக்குக்கு அடிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது உள்நாட்டுப் பூண்டு-லிவான் வழக்கு. பள்ளிகளில் கற்பிக்கப்படுவதும் அதுவே. வீட்டில் ‘தோஹு’ என்று எண்ணும் பெனம்பாங் குழந்தை பாடநூலில் ‘தோலு’வைப் பார்க்கிறது. தன் வீட்டுப் பேச்சு பிழை என்று அந்தக் குழந்தை நினைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. இந்த ஒலித்திரிபை முதல் வகுப்பிலேயே பட்டியலிட்டுக் காட்டிவிடலாம்; இரு வழக்குகளையும் பிள்ளைகள் தாங்களே பொருத்திக்கொள்வார்கள்.

கட்டுரையின் அந்த வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்