மறுப்பு எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் பத்திரிகைக்கு மறுப்பாக நீ எழுதிய வரைவைப் படித்தேன். முதல் இரண்டு பத்தியும் வசவு; எடுத்துவிடு. 'டியர்போர்ன் இன்டிபென்டென்ட்' 1920 மே 22 தொடங்கி 91 வாரம் விடாமல் யூதர்களைத் தூற்றியது. வசவுக்கு அஞ்சுகிற கூட்டமா அது?

தலைப்பும் சரியில்லை. 'உண்மையா, பொய்யா?' என்று கேட்டிருக்கிறாய். அந்தத் தொடர் நம்பி நின்றது 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணத்தை; உலகை ஆளச் சதி செய்யும் யூத மூப்பர்களே பேசுவதுபோல் எழுதப்பட்டது அது. 1903இல் ரஷ்யாவில் ஒரு செய்தித்தாளில் முதலில் வந்தது. 1920 மே 8 அன்று லண்டன் 'டைம்ஸ்' இதே கேள்வியைத்தான் கேட்டது: விசாரிக்க வேண்டாமா என்று. பார்வைக்கு நடுநிலை. ஆனால் யாரும் சீந்தாமல் கிடக்க வேண்டிய பிரசுரத்துக்குப் பெரிய பத்திரிகையின் மதிப்பு ஒட்டிக்கொண்டது. போலி என்பதைத் தலைப்பிலேயே சொல்.

1921 ஆகஸ்டில் அதே 'டைம்ஸ்' தன் கணக்கைத் தீர்த்தது. அதன் கான்ஸ்டான்டிநோபிள் நிருபர் பிலிப் கிரேவ்ஸிடம் ரஷ்ய அகதி ஒருவர், தலைப்புப் பக்கம் கிழிந்த பிரெஞ்சு நூல் ஒன்றைக் கொடுத்தார். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மோரிஸ் ஜோலி 1864இல் வெளியிட்டது. நரகத்தில் மாக்கியவெல்லி, மான்டெஸ்கியூ என்ற இரண்டு அரசியல் சிந்தனையாளர்கள் உரையாடுகிறார்கள். யூதச் சதி என்ற பேச்சே அதில் கிடையாது. நெறிமுறைகள் இதிலிருந்து காப்பியடிக்கப்பட்டவை என்று காட்ட, கிரேவ்ஸ் இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்து அக்கம்பக்கமாக அச்சிட்டார்.

நீயும் அதையே செய். பொதுவான கருத்துகளை ஜோடி சேர்க்காதே; 'யாருக்கும் தோன்றுவதுதானே' என்பார்கள். விசித்திரமான வரியைத் தேடு. என் பத்திரிகைக்கு விஷ்ணுவைப் போல் நூறு கைகள் இருக்கும் என்கிறார் ஜோலியின் மாக்கியவெல்லி. மூப்பர்களும் அதே விஷ்ணு, அதே நூறு கை என்கிறார்கள். நம் கோயில் விஷ்ணுவுக்கு வழக்கமாக நான்கு கைதான்! பரீட்சையில் காப்பியடித்தவனைத் தப்பான விடைதான் காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு ஜோடி போதும், உன் மூன்று பக்கத்துக்குச் சமம்.

இதோடு முடியாது. 1921 பிப்ரவரியிலேயே ஃபோர்ட், நெறிமுறைகள் இப்போது நடப்பவற்றோடு பொருந்துகின்றன என்று சொல்லி ஆதாரக் கேள்வியைத் தட்டிக்கழித்தார். உலக நடப்பை வைத்து வாதாடப் போனால் சிக்கிக்கொள்வாய். பத்திரிகையை வளைப்பது, தேர்தலைத் தன் வசப்படுத்துவது என்று ஒரு சர்வாதிகாரி செய்பவற்றை ஜோலி வரிசையாக எழுதினார். எந்தக் காலத்துக்கும் பொருந்தத்தான் செய்யும். அதை மட்டும் சொல்லி நகர்ந்துவிடு.

இரண்டு பிழைகள். கிரேவ்ஸின் அம்பலத்தால் ஃபோர்ட் மன்னிப்புக் கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். இல்லை. விவசாயக் கூட்டுறவுகளை அமைத்த ஆரன் சபிரோ தொடுத்த அவதூறு வழக்குதான் 1927இல் அவரைப் பணியவைத்தது. மன்னிப்புக் கடிதத்தை எழுதியதும் வழக்கறிஞர் லூயி மார்ஷல், ஃபோர்ட் அல்ல. அந்த ஆண்டு கடைசியில் பத்திரிகை மூடப்பட்டது. ஆனால் கட்டுரைகள் அதற்கு முன்பே நூலாகி, ஜெர்மன் மொழிக்கும் போய்விட்டன.

மற்றொன்று, நெறிமுறைகளைப் பரப்பியவர்கள் மீது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்த வழக்கு. 1935 மே மாதம் நீதிமன்றம் போலி என்றது, சரி. 1937இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானதை விட்டுவிட்டாய். வழக்குத் தொடுக்கப் பயன்பட்ட, ஆபாச இலக்கியம் பற்றிய சட்டம் இதற்குப் பொருந்தாது என்பதே காரணம்; ஆவணம் உண்மை என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. இதை நீ எழுதாவிட்டால் எதிராளி பாதியை மட்டும் எடுத்து வீசுவான். 1935க்கு அடுத்த வரியிலேயே சேர்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்