சராசரியை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைய மதிப்பெண்ணை நம்பிப் படம் பார்ப்பவர்கள், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அல்ல; நூறு விமர்சகர்களில் 90 பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள், அவ்வளவுதான். ‘பரவாயில்லை’ ரகப் படமும் இப்படி 90-ஐத் தொட்டுவிடும்.

பார்வையாளர்களே மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் சராசரியோடு நின்றுவிடாமல், 1 முதல் 10 வரை வாக்குகள் பிரிந்திருக்கும் பட்டை வரைபடத்தையும் பாருங்கள். இரண்டு முனைகளிலும் பட்டை உயர்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தால், பெரும்பாலும் அது ரசிகர் பட்டாளமும் எதிரணியும் போட்ட சண்டை. அந்தச் சராசரியால் யாருக்கும் பயனில்லை. 7, 8-இல் குவிந்திருந்தால் ஓரளவு நம்பலாம். முதல் நாள் எண்ணை அடியோடு ஒதுக்குங்கள். முந்திக்கொண்டு ஓடியவர்களின் வாக்கு அது. ஒரு வாரம் பொறுத்தால் எண் பெரும்பாலும் இறங்கி நிலைகொள்ளும்.

இப்படிக்கு,
திரைப்பட ஆர்வலர் ஒருவர்