மோட்டார் கடை தவுக்கேவுக்கு ஒரு பெரிய நன்றி

வணக்கம் சுங்கை சிப்புட் மக்களே. பயிற்சிய மண்டபத்துல நடத்த முடியாம போச்சு, ஏன்னு ஊருக்கே தெரியும், அத மறுபடி கிளற வேணாம். பெரியவங்க நினைவுகள பேச வச்சு பதிவு பண்ற நம்ம வாய்மொழி வரலாறு பயிற்சி நின்னு போகல, அதுவே பெருசு. கோயில் பின்கட்ட தொறந்து விட்ட நிர்வாகம், பசியாற நாசி லெமாக் கட்டிக் கொடுத்த அக்காங்க, ஈப்போல இருந்து ரெக்கார்டர் தூக்கிட்டு வந்த தம்பி, காசு கொடுத்துட்டு பேர் போடாதீங்கன்னு சொன்னவங்க, எல்லாருக்கும் ஒரு கும்பிடு.

ஆனா நான் எழுத வந்ததே பக்கத்து மோட்டார்சைக்கிள் கடை முதலாளி, நம்ம தவுக்கே பத்திதான். பின்கட்டுக்கும் அவர் கடைக்கும் நடுவுல வெறும் தகரம். இந்தப் பக்கம் நான் ஃபேன அணைங்க, போன ஃப்ளைட் மோடுல போடுங்கன்னு பிள்ளைங்களுக்கு சொல்லிக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் கம்ப்ரெசர் டர்ர்ருன்னு ஓடுது. எட்டிப் பார்த்து என்ன நடக்குதுன்னு கேட்டாரு, ரப்பர் தோட்டத்துப் பாட்டி பழைய கதை சொல்லப் போறாங்கன்னேன், அவ்வளவுதான், நிறுத்துங்கன்னு நான் கேட்கவே இல்ல. நேரா போயி சுவிட்ச அணைச்சாரு, ஷட்டர பாதி இறக்கிட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. சனிக்கிழமை காலையிலங்க!

இந்தப் பயிற்சியில கஷ்டமான பாடம், கேள்விய கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கறது. பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுக்கறது) எத்தன மணிக்கு, பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கற கிண்ணம்) யாரு கழுவுனதுன்னா பாட்டி கடகடன்னு சொல்றாங்க. 1943ல ஜப்பான்காரன் அப்பாவ சயாம்-பர்மா ரயில் பாதை போடற வேலைக்கு கொண்டு போனத கேட்டதும் நிறுத்திட்டாங்க. ஒரு தங்கச்சி அடுத்த கேள்விக்கு தாவப் பார்த்துச்சு, கைய காட்டி நிறுத்துனேன். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பாட்டியே ஆரம்பிச்சு லாரி எந்தப் பக்கம் நின்னுச்சு, அம்மா கட்டியிருந்த பச்ச சேல வரைக்கும் சொன்னாங்க. அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர்னு பிள்ளைங்க குறிச்சு வச்சிருந்தாங்க, யாரும் அத எடுக்கவே இல்ல. கம்ப்ரெசர் ஓடியிருந்தா பாட்டி அங்கயே பேச்ச முடிச்சிருப்பாங்கன்னு தோணுது.

பதிவுல நடுவுல "ஜாங்கான் பிசிங்!"னு (மலாய்ல, சத்தம் போடாத!) ஒரு குரல் கேக்கும். மோட்டார முறுக்குன எவனையோ தவுக்கே ஏசுனது. மூலப் பதிவுல கை வைக்கக் கூடாதுன்னு நாங்களே சொல்லிக் கொடுத்திருக்கோம், அதனால வெட்டல, எத்தனாவது நிமிஷம்னு குறிச்சாச்சு. பாட்டி சம்மதக் கையெழுத்து போட்டுட்டாங்க, அவங்க வீட்டுக்கும் ஒரு காப்பி போகும்.

அடுத்து, தோட்டங்கள துண்டு போட்டு வித்த காலத்துல, தொழிலாளிங்க காசு சேர்த்து தோட்டம் வாங்கறதுக்காக 1960ல, அப்ப மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரா இருந்த துன் சம்பந்தன் தொடங்குன கூட்டுறவு சங்கத்துக்கு பங்கு கட்டுனவங்கள தேடப் போறோம். அவங்கள விடப் போறதில்ல.

தவுக்கே காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, ஒரு கோப்பி ஓ குடிச்சாரு, அவ்வளவுதான். அதனால மினியாக் ஈத்தாம் (எஞ்சின் ஆயில்) மாத்தறவங்க அவர் கடைக்கே போங்க. வர்ற சனிக்கிழமை காலையில மட்டும் வேணாம், அன்னைக்கும் பதிவு இருக்கு.