கூரை வழியாகப் போட்ட காஸ் ஃபயர்பிளேஸ் புகைக்குழாய் பற்றிய புகார்

ஸ்காபரோ, ஒன்ராறியோ

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த நவம்பரில் உங்கள் ஆட்கள் எங்கள் வீட்டு வரவேற்பறையில் காஸ் ஃபயர்பிளேஸ் பொருத்தி, புகைக்குழாயை மேல்மாடியும் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கும் தாண்டிக் கூரைக்கு வெளியே கொண்டுபோனார்கள். 6,400 டொலரையும் அன்றைக்கே கட்டினேன். ஜனவரியிலிருந்து மூன்று தடவை தொலைபேசியில் கதைத்தும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

இதை வாங்கியதே அம்மாவுக்காக. 2013 டிசம்பர் ஐஸ் புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் ஓடாமல், அவர் மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறிய பைலட் சுடர் உள்ள இந்த மாடல் மின்சாரம் போனாலும் எரியும் என்று உங்கள் விற்பனையாளர் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்.

ஜனவரியில் பனி உருகியபோது அம்மாவின் அறைச் சீலிங்கில் தேநீர் ஊற்றியதுபோல ஒரு கறை வந்தது. வேறொரு கூரைக்காரரை ஏற்றிப் பார்த்தேன். குழாயைச் சுற்றி வரும் ஃப்ளாஷிங் தகட்டின் மேல் விளிம்பு கூரையை மூடும் ஷிங்கிள் ஓட்டுக்கு அடியில் போக வேண்டும், அப்போதுதான் மேலிருந்து வரும் தண்ணீர் தகட்டின் மேலால் வழிந்து போகும். உங்கள் ஆட்களோ தகட்டை ஷிங்கிளின் மேலேயே வைத்து ஆணி அடித்து, விளிம்பில் சிலிக்கன் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை.

ஒழுக்கைவிட என்னைப் பயப்படுத்தியது அட்டிக். மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். குளிரைத் தடுக்கப் போடும் சாம்பல் நிற செல்லுலோஸ் இன்சுலேஷன், பழைய பத்திரிகையை அரைத்துச் செய்வது, குழாயோடு ஒட்டிக் குவிந்து கிடக்கிறது. எரியக்கூடிய எதுவும் குழாயிலிருந்து 1 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் விட்டுப்போன கையேட்டிலேயே இருக்கிறது. இன்சுலேஷனைத் தடுத்து நிறுத்தும் தகட்டுக் கவசம் அங்கே இல்லை. ஆனால் பில்லில் அதற்குக் காசு போட்டிருக்கிறீர்கள்.

சுடரும் சரியில்லை. பத்து நிமிடம் எரிந்ததும் பர்னரை விட்டு மேலே எழும்பி அணைந்துவிடுகிறது. எங்கள் குழாய் நேராக 22 அடி மேலே போகிறது. அவ்வளவு உயரத்தில் இழுவை அதிகம் என்பதால், இழுவையைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டரை அதற்கேற்ப வைக்க வேண்டும் என்று கையேட்டில் அட்டவணையே உண்டு. அது முதலில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதைச் சொன்னபோது, “சூடு வருதுதானே அண்ணை” என்றார் உங்கள் அலுவலகத் தம்பி. அந்தப் பதில் எனக்கு மிகவும் வலித்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலையை நம்பித்தானே உங்களிடம் வந்தோம்?

காபன் மொனொக்சைட் அலாரம் இதுவரை அடிக்கவில்லை. என்றாலும் காஸ் வால்வைப் பூட்டிவிட்டேன். அம்மா இப்போது எரியாத ஃபயர்பிளேஸின் கண்ணாடிக்கு முன்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருக்கிறார்.

10 நாட்களுக்குள் உரிமம் உள்ள காஸ் டெக்னீஷியன் ஒருவரை அனுப்புங்கள். ஃப்ளாஷிங்கைக் கழற்றி முறையாகப் போட வேண்டும், கவசம் வைக்க வேண்டும், ரெஸ்ட்ரிக்டரைச் சரிசெய்து குறைந்தது அரை மணி நேரம் எரித்துக் காட்ட வேண்டும். செய்ததை அவருடைய உரிம இலக்கத்தோடு எழுதித் தர வேண்டும். சீலிங் திருத்தும் செலவும் உங்களுடையதே. இல்லையென்றால், ஒன்ராறியோவில் காஸ் வேலைகளைக் கண்காணிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ.யிடம் இதே படங்களோடு முறையிடுவேன்.

கூரை, அட்டிக், சீலிங் படங்களும் பில்லின் பிரதியும் இணைத்திருக்கிறேன். வார நாட்களில் மாலை 4 மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். வருமுன் ஒரு அழைப்பு எடுங்கள், அம்மாவின் அறையை ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்