சுண்ணாம்பு பட்ட கண்ணுக்குப் பனிக்குடச் சவ்வு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாங்கோனில் தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை. சுண்ணாம்புக் கிண்ணமோ குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில். கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். பிறகு மருத்துவர் மேலிமையைப் புரட்டி, ஒட்டிய துணுக்குகளை எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் காரம் உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

வெந்த கருவிழிமேல் முதல் வாரத்திலேயே பனிக்குடச் சவ்வை, அதாவது கருவில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பையின் மெல்லிய உட்சவ்வை, போர்த்துவது நல்லது. சிசேரியனில் கிடைக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து, தாய்க்கு எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ், சிபிலிஸ் இல்லையென உறுதிசெய்தே எடுக்கிறார்கள். சவ்வின் இரு பக்கங்களில் பஞ்சுமுனையில் ஒட்டி இழுபடும் பக்கம் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். சில வாரங்களில் தானே கரையும். சீக்கிரம் கரைந்தால் மறுபடி வைக்கலாம். கருவிழி விளிம்பில் புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் முழுதும் அழிந்திருந்தால் சவ்வு மட்டும் போதாது.

வாசகர், யாங்கோன்