எங்க வார்டு வீட்டு கூரைய காப்பாத்தி குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே எங்க ஊர்ல கூரை வேலை முடிஞ்சிருச்சு, பெரிய மழையே ரெண்டு மூணு அடிச்சும் எந்த வீட்லயும் ஒரு சொட்டு ஒழுகல, அதுக்கு காரணமானவங்களுக்கு நன்றி சொல்லத்தான் இத எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு ஊரப் பத்தி கொஞ்சம். குடியாத்தம் பக்கம் இருக்கற எங்க ஊரு முன்ன தொழுநோய் ஆஸ்பத்திரியா இருந்துச்சு. எங்க தாத்தா போளூர் பக்கத்துலேர்ந்து வாலிப வயசுல வந்து சேர்ந்தவரு. அப்பல்லாம் டாப்சோன் மாத்திரை ஒண்ணுதான், வருஷக்கணக்குல முழுங்கணும். 1982க்கு அப்புறம் கூட்டு மருந்து வந்து ரெண்டு வருஷத்துக்குள்ளயே குணமாக ஆரம்பிச்சதும் பெட்டெல்லாம் காலியாச்சு, ஆனா குணமானவங்கள சொந்த ஊர்ல யாரு சேத்துக்கிட்டாங்க, தாத்தாவுக்கு அவங்க அண்ணன் வீட்டு திண்ணையில கூட எடம் இல்ல. அப்டி போக எடமில்லாதவங்க இங்கயே கல்யாணம் கட்டிகினு வார்டுங்கள தடுத்து வீடாக்கி இருந்துட்டாங்க. எங்க ஆயா, நைனா, நாங்க, இப்ப எங்க பசங்க எல்லாம் அந்த மூணாவது வார்டுதான். இது பரம்பரையா வர நோயே இல்ல, எங்க யாருக்கும் வரவும் இல்ல.

வீடுன்னு பாத்தா நல்ல வீடுதான். ஸ்ட்ரெச்சர் போறதுக்கு வச்ச அகலமான கதவு, படிக்கு பதிலா சரிவு, எதிரும் புதிருமா ஜன்னல், மே மாச வேலூர் வெயில்லயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும். தடுப்பு சுவர் கூரை வரைக்கும் போகாது, அதனால ஒரு வீட்ல இருமினா மூணு வீட்ல கேக்கும். டிரெஸ்ஸிங் ரூம்ல பெரியவங்க இன்னிக்கும் வரிசையா உக்காந்து தண்ணியில கால ஊறவச்சு எண்ணெ தடவுவாங்க, உணர்ச்சி இல்லாத காலுக்கு அது தினமும் வேணும்.

2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் முட்டிகினு ஓடுச்சே, அந்த மழையிலதான் எங்க கூரையில ஒரு பக்கம் இறங்கிருச்சு. இது மெட்ராஸ் டெரஸ். தேக்கு கட்டை மேல செங்கல்ல குத்துக்கல்லா அடுக்கி, அதுக்கு மேல சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடிச்சு, கடைசியா தட்டோடு பதிச்சது. நடுவுல யாரோ வந்து மேல சிமென்ட் பூசிட்டு போனாங்க, உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம கட்டை உளுத்துருச்சு. பாத்தவங்க எல்லாம் இடிச்சுட்டு ஷீட் போடுங்கன்னு சொன்னாங்க.

முதல் நன்றி மேஸ்திரி ஐயாவுக்கு. ஏணியில ஏறி கட்டைய தட்டி பாத்துட்டு "இன்னாம்மா, நல்ல தேக்கும்மா இது, நாலு கட்டை மாத்துனா போதும், இத போய் யாராவது இடிப்பாங்களா"ன்னு கேட்டாரு பாருங்க, அன்னிக்குதான் எங்களுக்கு உயிரே வந்துச்சு. சிமென்ட பக்குவமா கொத்தி எடுத்து, சுண்ணாம்ப ஊறவச்சு அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணிய விட்டு எல்லாம் அவரு கைப்பக்குவம். கட்டையால தளம் அடிக்க பக்கத்து ஊரு அக்காங்க வந்தாங்க, தினமும் பாட்டு பாடிகினே அடிச்சாங்க, எங்க ஊட்டு கூழையும் முள்ளு கத்திரிக்கா குழம்பையும் எங்களோடயே உக்காந்து சாப்ட்டாங்க. ஒரு காலத்துல எங்க கெணத்து பக்கமே வராத ஊரு அது, அக்கா, இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

காசு அனுப்பின பெங்களூரு, திருப்பூர் பசங்களுக்கும், சனி ஞாயிறு வந்து ஜல்லி சொமந்த காலேஜ் பிள்ளைங்களுக்கும் ரொம்ப நன்றி. ஒயரிங் பண்ண தம்பி கூலியே வாங்கல. ஊராட்சி செயலாளர் சார் கதவு நம்பரும் தெரு பேரும் வாங்கி குடுத்தாரு, இனிமே எங்க பொண்ணுங்க வேலைக்கு எழுதிப் போடறப்ப அட்ரஸ்ல ஆஸ்பத்திரின்னு வராது. பெரியவங்கள எம்சிஆர் செருப்புக்கு (உணர்ச்சி இல்லாத காலுக்கு போடற மெத்து ரப்பர் செருப்பு) அளவு குடுக்க கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போயி, வெயிட்டிங்குக்கு காசு வாங்காம காத்திருந்து கூட்டியாந்த ஆட்டோ தம்பிக்கும் இதுலயே நன்றி சொல்லிக்கறேன், வேலை நடந்தப்ப அவங்களுக்கு வெளிய போய் வர அவருதான் துணை.

காணும் பொங்கல் அன்னிக்கு மூணாவது வார்டு வராண்டாவுல எல்லாருக்கும் சாப்பாடு போடறோம். மேஸ்திரி ஐயா, வீட்ல ஆயாவையும் கூட்டிகினு வாங்க. சரிவு இருக்கு, அவங்களால ஈஸியா ஏற முடியும்.