ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து தனியாருக்கு மாற்றுவது சேலத்தில் சகஜம். இங்கிலீஷாவது வரட்டுமே என்பார்கள், நியாயம்தான். ஆனால் டி.சி. வாங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நடுவில் ஓராண்டு தனியாரில் படித்தாலும் போயிற்று. திரும்பி வந்தும் பயனில்லை. (கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் 8 வரை தனியாரில் படித்து, மீதியை அரசுப் பள்ளியில் முடித்தவருக்கு மட்டும் விலக்கு.) ஆங்கில வழிக்குப் போனால் அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடும் கிடைக்காது.

மாற்றுவதென்றே முடிவானால், கட்டண நிர்ணயக் குழுவின் ஆணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வகுப்புவாரியாகத் தொகை அதில் இருக்கும். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதித் தருவது ரசீது அல்ல. எண்ணும் முத்திரையும் இல்லாத தாளை வைத்துக்கொண்டு நாளைக்குப் புகாரை நிரூபிப்பது கடினம்.

பலகையில் ‘சிபிஎஸ்இ பாடத்திட்டம்’ என்றிருந்தால் அந்த வாரியம் தந்த இணைப்பு (அங்கீகார) எண்ணையும், அது எந்த வகுப்பு வரை என்பதையும் விசாரியுங்கள். இணைப்பு வராத பள்ளியில் சிக்கல் பத்தாம் வகுப்பில்தான் வெளியே வரும்.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இலவச இடம் கேட்டு மலையேறுவோர், அது சிறுபான்மைப் பள்ளியா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். அவற்றுக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்